பெயர்த் தகடு இல்லாத சட்டிக் கலப்பை: மானூர்ப் பக்கத்து உதிரிபாகத் தேடல் ஒன்று

பழைய கலப்பைக்கு உதிரிபாகம் கேட்டுப் போனால் எந்தக் கடையிலும் முதல் கேள்வி "என்ன கம்பெனி?" என்பதுதான். போன வருடம் வாங்கிய கலப்பை என்றால் நியாயமான கேள்வி. வருடக்கணக்கில் ஓடி, கை மாறி, பெயிண்ட் மேல் பெயிண்ட் ஏறி, பெயர்த் தகடு எந்த வயலில் விழுந்தது என்றே தெரியாத கலப்பைக்கு அந்தக் கேள்வியோடு தேடல் முடிந்துவிடும். கம்பெனி தெரியாது, அதனால் சாமான் இல்லை. திருநெல்வேலி மாவட்டம் மானூருக்கு வடக்கே, சட்டி என்கிற குழிவான வட்ட இரும்புத் தட்டு மூன்று மாட்டிய ஒரு கலப்பைக்கு இதுதான் நடந்தது. அதைப் பிரித்து, அளந்து, சாமான் தேடி, மறுபடி உழவைத்த வேலையை இங்கே எழுதிவைக்கிறேன். நான் டிராக்டர் கருவிகளைப் பழுது பார்க்கிற பட்டறைக்காரன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய கலப்பையில் தேய்ந்து போகிற சாமான்களில் பெரும்பாலானவை கலப்பைச் சாமானே இல்லை. பேரிங், ஆயில் சீல், போல்ட், பின் எல்லாம் லாரிக்கும் டிரெய்லருக்கும் போகிற பொதுச் சாமான்கள். அவற்றைக் கலப்பைக் கடையில் கம்பெனி பெயர் சொல்லித் தேடினால் கிடைக்காது. அளவைச் சொல்லி அந்தந்தச் சாமான் விற்கிற கடையில் கேட்டால் பெரும்பாலும் அன்றைக்கே கிடைக்கும். இப்படிக் கழித்துக்கொண்டே வந்தபின் மிஞ்சுகிற ஒன்றிரண்டு வார்ப்புச் சாமான்களுக்குத்தான் உண்மையான தேடல் தேவை.

நிலமும் பழுதும்

மானூர்ப் பக்கம் குளத்துப் பாசனம் கொஞ்சம் உண்டு. அதைத் தாண்டினால் மானாவாரிதான். செவலும் கரிசலும் மாறி மாறி வரும். சில இடத்தில் சரள் மேலேயே தெரியும். உளுந்து, மக்காச்சோளம், பருத்தி என்று ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிய வெள்ளாமை. அதற்கு முன் சித்திரையில் கோடை மழை விழுந்ததும் ஒரு ஆழ உழவு போட்டுவிட வேண்டும். மண் புரண்டு கோரைக் கிழங்கும் கூட்டுப்புழுவும் வெயிலில் காயும், அடுத்த மழை உள்ளே இறங்கும். ஒன்பது கொத்துக் கலப்பை இந்த வேலைக்குப் போதாது. அது மேல்மண்ணைக் கீறும், புரட்டாது. இறக்கைக் கலப்பை நன்றாகப் புரட்டும். ஆனால் காய்ந்த சரளிலும் வேர் நிறைந்த தரிசிலும் அது முட்டிக்கொண்டு நின்றுவிடும். சட்டிக் கலப்பை அப்படி இல்லை. சட்டி சுற்றிக்கொண்டே போவதால் வேர் வந்தால் அறுக்கும், கல் வந்தால் மேலே ஏறி இறங்கிவிடும்.

இந்தக் கலப்பையின் சொந்தக்காரரை அண்ணாச்சி என்றே குறிப்பிடுகிறேன். சீமைக்கருவேலம் ஏறிக் கிடந்த ஒரு துண்டு நிலத்தை அவர் ஜேசிபி வைத்துத் தூர் பிடுங்கியிருந்தார். தூர் போனாலும் பக்கவேர் உள்ளே இருக்கும். மழை விழுந்த கையோடு உழ இறங்கியபோது நடுச் சட்டி சுற்றாமல் நின்றுவிட்டது. டிரைவர் கவனிக்காமல் ஓட்டியிருக்கிறார். நின்றுபோன சட்டி மண்ணை வெட்டாது, இழுபடும். அந்த இழுப்பில் கலப்பை மொத்தமும் ஒரு பக்கமாகத் தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்க வேண்டியது பின்னால் சாலில் ஓடுகிற சாய்வுச் சக்கரம். சற்று நேரத்தில் சக்கரத்தைப் பிடித்திருந்த வார்ப்புத் தாங்கி இரண்டாகப் போய்விட்டது.

ஆகப் பார்த்தால் இரண்டு உடைசல், காரணம் ஒன்று. நடுச் சட்டி ஏன் நின்றது என்று தெரியாமல் தாங்கியை மட்டும் சரிசெய்தால் அடுத்த சாலில் மறுபடி உடையும்.

கடைகள்

அண்ணாச்சி முதலில் உடைந்த இடத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார். பக்கத்தில் ஒரு ஸ்கேல்கூட வைக்காமல் எடுத்த போட்டோவில், சட்டி மாட்டிச் சுற்றுகிற ஹப் ஒரு கைப்பிடி அளவா, பானை அளவா என்றே தெரியாது. அப்புறம் வண்ணார்பேட்டைப் பக்கம், பிறகு சங்கரன்கோவில். எல்லா இடத்திலும் அதே கேள்வி.

"என்ன கம்பெனி அண்ணாச்சி? கம்பெனி தெரியாம எதைன்னு எடுக்க?"

"எங்க அய்யா வாங்குனது தம்பி. அவாளுக்கே தெரியாது. சட்டி சுத்துச்சா, உழுதுச்சா, அம்புட்டுதான் பாத்தாவ."

ஒருவர் மதுரைக்குப் போகச் சொன்னார், இன்னொருவர் கோயம்புத்தூர் என்றார். ஒரு கடையில் "எல்லாக் கலப்பைக்கும் போகும்" என்று சொல்லி மூன்று ஹப்புக்கும் பேரிங் செட் கொடுத்துவிட்டார்கள். அதில் இரண்டு ஹப்புக்கான செட் சரியாக உட்கார்ந்தது, நடு ஹப்புக்கு மட்டும் சேரவில்லை. உட்காராததுதான் இந்த வேலையில் கிடைத்த முதல் உருப்படியான தகவல்.

புதுசு வாங்கிவிடலாமே என்ற யோசனையும் வந்தது. வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் மானியம் உண்டு. சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் இனத்தவருக்குப் பாதி வரையும், மற்றவர்களுக்கு நூற்றுக்கு நாற்பது வரையும் உச்சவரம்புக்குள் கிடைக்கும். நல்ல வழிதான். ஆனால் விண்ணப்பம் நகர்ந்து கலப்பை கைக்கு வரும்வரை கோடை மழை ஈரம் காத்திருக்காது. அதோடு அந்தச் சட்டகம் கனமான பழைய சட்டகம். சட்டிக் கலப்பை தன் கனத்தால்தான் மண்ணில் இறங்குகிறது. ஆள் நின்று வெல்டிங்கைத் தட்டிப் பார்த்தால் ஒரு விரிசலும் இல்லை. அதை எடைக்குப் போட எனக்கு மனசு வரவில்லை, அண்ணாச்சிக்கும்தான்.

பிரித்தபோது தெரிந்தது

கலப்பையைப் பட்டறைக்குக் கொண்டுவந்து டீசலில் கழுவி, சாமான்களைச் சாக்கில் வரிசையாக வைத்து முன், நடு, பின் என்று சாக்பீஸில் எழுதினோம். உடைந்த துண்டு, வளைந்த வாஷர், நசுங்கிய தகரம் எதையும் வீசக்கூடாது என்று பையன்களிடம் சொல்லியிருந்தேன். பழைய இயந்திரத்தில் குப்பையாகத் தெரிவதுதான் பல சமயம் வரலாறு சொல்லும்.

முன் ஹப்பும் பின் ஹப்பும் ஒரே மாதிரி. உள்பக்கப் பேரிங்கின் எண் 30211, வெளிப்பக்கம் 30208. டேப்பர் பேரிங்கில் இந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது: கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்துளை அளவு மில்லிமீட்டரில் வரும். 11 என்றால் 55, 08 என்றால் 40. இந்த இரண்டும் எந்தப் பேரிங் கடையிலும் தட்டில் இருக்கிற சரக்கு.

நடு ஹப் வேறு வம்சம். உள்பக்கம் 30209, அதாவது 45 மில்லி துளை. வெளிப்பக்கம் எல்எம் 48548 என்று ஒரு இஞ்ச் பேரிங். ஹப்புக்குள் போகிற அச்சுத்தண்டுதான் ஸ்பிண்டில்; ஒரே ஸ்பிண்டிலில் ஒன்று மில்லி, ஒன்று இஞ்ச். எந்தத் தொழிற்சாலையும் இப்படிச் செய்து அனுப்பாது. 30209-இன் கோனுக்கு, அதாவது உள்வளையத்துக்கு, அடியில் பிஸ்கட் டின் தகரம் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது, பின்னால் இரண்டு தகர வாஷர்கள். ஸ்பிண்டிலில் கோன் உட்கார்ந்த இடம் பளபளவென்று தேய்ந்து, வெர்னியர் வைத்த இடமெல்லாம் வேறு வேறு அளவு காட்டியது. அந்தத் தகர வாஷருக்கு அடியில் மூன்று மில்லி அகலத்துக்கு ஒரு விளிம்பு மட்டும் தேயாமல் இருந்தது. அங்கே வெர்னியர் 44.45 என்றது.

இந்த மாதிரி மில்லியில் பிசிறடிக்கிற எண் வந்தால் உடனே 25.4-ஆல் வகுத்துப் பார்க்க வேண்டும். 44.45 என்பது ஒன்றே முக்கால் இஞ்ச். எல்எம் 48548-இன் துளை 34.925, அது ஒரு இஞ்சும் மூன்று நூலும்; பட்டறைக் கணக்கில் இஞ்சுக்கு எட்டு நூல். ஆக இது இஞ்ச் அளவில் செய்த ஒரு பழைய ஹப். பிற்பாடு யாரோ வேறு கலப்பையிலிருந்து கழற்றி இதில் மாட்டியிருக்கிறார்கள். பேரிங் கடைப் பெரியவர் ஸ்பிண்டிலை ஒரு தடவை பார்த்துவிட்டு, "இது இஞ்ச் சாமான்லா. மில்லில தேடுனா எப்படிக் கெடைக்கும்?" என்றார். இந்த இடத்துக்கு உரியது 25580 கோனும் 25520 கப்பும் (வெளிவளையம்): துளை 44.45, வெளிவட்டம் 82.93, மொத்த அகலம் 23.81.

அப்படியானால் 30209 எப்படி உள்ளே போனது? அதன் வெளிவட்டம் 85. ஹப்பின் உள்ளே விளக்கு அடித்துப் பார்த்தால் லேத் உளியின் கோடுகள் தெளிவாக இருந்தன. முன்பு பழுது பார்த்தவருக்கு இஞ்ச் பேரிங் கிடைக்கவில்லை. ஹப்பை 85-க்குக் குடைந்து மில்லி பேரிங்கின் கப்பை ஏற்றிவிட்டார். அது சுத்தமான வேலை. கப் இன்றுவரை அசையவில்லை. ஸ்பிண்டில் பக்கம்தான் வேலை பாதியில் நின்றது. 44.45 ஸ்பிண்டிலில் 45 கோன், நடுவில் அரை மில்லி இடைவெளி, அதில் தகரம். 20.75 அகலப் பேரிங் 23.81 இடத்தில் உட்கார்ந்ததால் மூன்று மில்லி குறைவு, அதற்குத் தகர வாஷர். நாளாக நாளாகத் தகரம் தேய்ந்து கோன் ஸ்பிண்டிலின் மேலேயே சுற்ற ஆரம்பித்திருக்கிறது. ஹப் ஆடியதில் சீலின் உதடு கிழிந்து மண் உள்ளே போயிருக்கிறது. கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்மண் மாவு. கருவேல வேர் கடைசி அடியைத்தான் கொடுத்தது. சட்டி நிற்கப் போவது முன்பே முடிவாகிவிட்ட விஷயம்.

இரண்டு வழி இருந்தது. ஹப்புக்கு புஷ் அடித்து 82.93-க்குக் குறைத்து, ஸ்பிண்டிலையும் 44.45-க்கு மீட்டு, பழையபடி இஞ்ச் பேரிங்குக்கே போவது ஒன்று. அசலுக்குத் திரும்புவது என்று சொல்லலாம், கேட்க நன்றாக இருக்கும். நான் மற்ற வழியை எடுத்தேன். ஸ்பிண்டிலில் எப்படியும் உலோகம் ஏற்றித்தான் ஆக வேண்டும். ஏற்றுவதை 45-க்கு ஏற்றிவிட்டால் குடைந்த ஹப் அப்படியே பயன்படும், 30209 எங்கேயும் கிடைக்கும். முன்னவர் பாதியில் விட்ட மாற்றத்தை முடித்துக் கொடுத்ததுதான் நாம் செய்தது.

ஸ்பிண்டிலைச் சூடேற்றி, அடுப்பில் காயவைத்த 7018 வெல்டிங் ராடால் சுற்றிச் சுற்றி ஏற்றி, சாம்பலுக்குள் புதைத்து ஆறவிட்டோம். நடுத்தரக் கார்பன் எஃகில் சூடேற்றாமல் வெல்டிங் வைத்து, பச்சைத் தண்ணீர் ஊற்றி ஆற்றினால், அடுத்த வேரில் ஸ்பிண்டில் அந்த இடத்தில் சட்டென்று ஒடியும். பிறகு லேத்தில் 45-க்குக் கடைசல். இங்கே ஒரு நுணுக்கம்: சட்டிக் கலப்பையில் ஸ்பிண்டில் நிற்கிறது, ஹப்தான் சுற்றுகிறது. அதனால் இறுக்கமாக உட்கார வேண்டியது கப். கோன் கையால் தள்ளினால் ஆட்டமில்லாமல் ஏறுகிற அளவு இருந்தால் போதும். இல்லாவிட்டால் நட்டு இறுக்கும்போது அட்ஜஸ்ட்மெண்ட் வராது. தகர வாஷர்களுக்குப் பதில் மூன்று மில்லியில் ஒரு வளையம் கடைந்து போட்டோம். சீல் கலப்பைச் சாமான் அல்லவே அல்ல. ஸ்பிண்டில் அளவு, ஹப் துளை அளவு, தடிமன் மூன்றையும் சொன்னால் கடையில் எடுத்துத் தருவார்கள். உதடு வெளிப்பக்கம் பார்க்க மாட்டினேன். கிரீஸ் கொஞ்சம் வெளியே கசிந்தால் மோசமில்லை, மண் உள்ளே வரக்கூடாது.

சட்டி

சட்டிதான் இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

மூன்று சட்டியும் தேய்ந்திருந்தன. நடுச் சட்டி ஒரு பக்கம் தட்டையாகவே போயிருந்தது, இழுபட்டதற்கு அதுவே சாட்சி. நல்ல நிலையில் இருந்த முன் சட்டியின் குறுக்களவு 56 சென்டிமீட்டர். சட்டியின் குறுக்களவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் உழவின் ஆழம் என்று வைத்துக்கொள்ளலாம். அதனால் சட்டி சிறுத்தால் ஆழமும் குறையும். ஒன்றை மட்டும் மாற்றினால் பெரிய சட்டி ஆழமாகவும் மற்றவை மேலாகவும் ஓடிக் கலப்பை கோணும். மூன்றையும் மாற்ற வேண்டும்.

புதிது வாங்க நான்கு அளவு தேவை: அசல் குறுக்களவு, குழிவு, நடுத்துளை, போல்ட் துளை வட்டம். குறுக்களவுக்குத் துப்பு அண்ணாச்சி வீட்டுத் தொழுவில் கிடைத்தது. தவிட்டுத் தொட்டிக்கு மூடியாக ஒரு பழைய சட்டி கிடந்தது. நடுத்துளையிலிருந்து விரிசல் ஓடி, அதிகம் தேயாமலே கழற்றிப் போட்ட சட்டி. குறுக்களவு 66, அதாவது 26 இஞ்ச். ஆனால் அது இந்தக் கலப்பையின் சட்டிதானா என்று அண்ணாச்சிக்கே உறுதியில்லை. பல வருடத்தில் எத்தனையோ இரும்பு அந்தத் தொழுவுக்கு வந்து போயிருக்கிறது.

அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சட்டி என்பது ஒரு பெரிய கோளத்திலிருந்து வெட்டிய துண்டு. தேயும்போது விளிம்பு குறையும், குழிவும் கூடவே குறையும், ஆனால் அந்தக் கோளத்தின் ஆரம் மாறாது. தேய்ந்த சட்டியைக் கவிழ்க்காமல் வைத்து, குறுக்கே ஒரு நேர்ப்பட்டை வைத்து, நடுவில் ஆழம் அளந்தேன்: 7 சென்டிமீட்டர். பாதிக் குறுக்களவு 28. அதன் வர்க்கம் 784, குழிவின் வர்க்கம் 49, கூட்டினால் 833. இதைக் குழிவின் இரட்டிப்பான 14-ஆல் வகுத்தால் ஆரம் 59.5. இதே ஆரத்தில் 66 சென்டிமீட்டர் சட்டி இருந்தால் அதன் குழிவு ஏறக்குறைய 10 வர வேண்டும். தொட்டி மூடியில் நேர்ப்பட்டை வைத்து அளந்தோம். பத்துக்கு ஒரு நூல் குறைவு. இதே கலப்பையின் சட்டிதான்.

இந்தக் கணக்கு இல்லாமல் குழிவைத் தேய்ந்த சட்டியிலேயே அளந்து "26 இஞ்ச், குழிவு ஏழு" என்று கேட்டு வாங்கியிருந்தால் தட்டையான சட்டி வந்திருக்கும். மாட்டலாம், சுற்றும், ஆனால் மண்ணை வெட்டிச் சுருட்டிப் புரட்டுகிற விதம் மாறிவிடும். பழைய கலப்பைக்குப் புதுச் சட்டி போட்டும் "முன்ன மாதிரி உழலையே" என்று சொல்கிறவர்களில் சிலருக்காவது காரணம் இதுதான் என்பது என் அனுமானம்.

போல்ட் துளை வட்டத்தில் ஐந்து துளை. ஆறு துளை என்றால் எதிரெதிர் துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் முடிந்தது. ஐந்தில் எதிர்த்துளை கிடையாது. பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் நடுத்தூரத்தை அளந்து 1.7-ஆல் பெருக்க வேண்டும். இங்கே 74.6, பெருக்கினால் 127 மில்லி, சரியாக ஐந்து இஞ்ச். மூன்று ஹப்புக்கும் அதே வட்டம், அதனால்தான் வேற்று ஹப் இதில் மாட்ட முடிந்திருக்கிறது.

இந்த நான்கு அளவையும் ஒரு தாளில் எழுதி, கீழே தடிமன் 6 மில்லி என்று சேர்த்து, கருவி விற்கும் ஒரு கடையில் கொடுத்தோம். கம்பெனி என்ன என்று கேட்கவில்லை. குடோனிலிருந்து மூன்று சட்டி வந்தது. உழவுத் தட்டுகளுக்கு இந்தியத் தரநிலையே உண்டு, ஐஎஸ் 4366. அதனால்தான் ஒருவர் செய்த சட்டி இன்னொருவர் ஹப்பில் உட்காருகிறது. வாங்கும்போது தட்டிப் பார்த்து வாங்கினோம். விரிசல் இல்லாத சட்டி கணீரென்று நீளமாக ஒலிக்கும்.

மரை

முன், பின் ஹப்புகளில் சட்டியைப் பிடிப்பது எம் 12 போல்ட், பின்னால் நட்டு. நடு ஹப்பில் மரை ஹப்பிலேயே வெட்டியிருந்தது. நாலு நூல் போல்ட் என்று நினைத்துக் கடையில் வாங்கி வந்த அரை இஞ்ச் போல்ட் இரண்டு சுற்று போய் நின்றுவிட்டது. பிட்ச் கேஜ் வைத்தால் இஞ்சுக்கு 12 மரை. அது விட்வொர்த் மரை, 1841-இல் ஜோசப் விட்வொர்த் முன்வைத்த பழைய பிரிட்டிஷ் அளவு. இன்று கடையில் கிடைக்கிற யுஎன்சி என்ற அமெரிக்க அளவில் அரை இஞ்சுக்கு, இஞ்சுக்கு 13 மரை. அஞ்சு நூல், ஆறு நூல் போல்ட்டில் இரண்டுக்கும் மரை எண்ணிக்கை ஒன்றுதான், கோணம் மட்டும் வேறு. ஏறிவிடும், ஆனால் முழுப் பிடிப்பு இருக்காது. அரை இஞ்சில் ஏறவே ஏறாது. ஏறாததைப் பைப் போட்டு முறுக்கிய அடையாளம் இந்த ஹப்பில் இரண்டு துளையில் இருந்தது.

டவுனில் பழைய ஹார்டுவேர் கடைகளில் துழாவினால் விட்வொர்த் போல்ட் கிடைக்கும். ஆனால் சிதைந்த துளைக்கு நல்ல போல்ட் வாங்கி என்ன செய்ய? ஐந்து துளையையும் 13 மில்லிக்கு ஊடுருவத் துளைத்து, மரையை எடுத்துவிட்டு, 8.8 தர எம் 12 போல்ட்டும் நட்டும் போட்டேன். பின்னால் நட்டுக்கும் ஸ்பேனருக்கும் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான். காட்சிக்கு வைக்கிற கலப்பை என்றால் இப்படிச் செய்திருக்க மாட்டேன். உழுகிற கலப்பைக்கு மூன்று ஹப்பிலும் ஒரே ஸ்பேனர் என்பதுதான் பெரிது.

டிராக்டரில் மாட்டுகிற பின்னிலும் இதே கதை சிறிய அளவில். கலப்பையின் கீழ்ப் பின் 22 மில்லி, முதலாம் வகை. அண்ணாச்சியின் இப்போதைய டிராக்டரின் கீழ்க்கைப் பந்துத்துளை இரண்டாம் வகை, 28 மில்லிப் பின்னுக்கானது. ஆறு மில்லி ஆட்டத்தோடு ஓட்டிக்கொண்டிருந்தார். அதற்கென்றே விற்கிற புஷ் வாங்கிப் போட்டாயிற்று.

சக்கரத் தாங்கி

கழித்துக் கழித்து வந்தபின் உண்மையிலேயே அநாதையாக நின்றது இது ஒன்றுதான். சாம்பல் வார்ப்பிரும்பு. முன்பு ஒருமுறை உடைந்து சாதாரண ராடால் பற்றவைத்திருந்தார்கள். இப்போது உடைந்தது வெல்டிங்கில் இல்லை, வெல்டிங்கை ஒட்டிய ஓரத்தில். வார்ப்பிரும்பைச் சூடேற்றாமல் பற்றவைத்தால் அந்த ஓரம் கண்ணாடித்தன்மையாகிவிடும்.

மறுபடி நிக்கல் ராடால் ஒட்டலாம். கோயம்புத்தூரில் வார்த்து வாங்கலாம். பழைய இரும்புக் கடைகளில் தேடலாம். அல்லது தகட்டில் செய்யலாம்.

இரும்புக் கடையை முதலில் பார்த்தோம். பேட்டைப் பக்கம் ஒரு காயலான் கடையில் உடைத்த சட்டிக் கலப்பை ஒன்று கிடந்தது, ஆனால் அதன் தாங்கி வேறு கோணத்தில் இருந்தது. எடைக்கு ஒரு கிரீஸ் மூடியும், சட்டியில் ஒட்டும் மண்ணைச் சுரண்டுகிற ஸ்கிரேப்பர் தகடும் எடுத்துக்கொண்டோம்.

வார்ப்பு என்றால் ஒரு எச்சரிக்கை. உடைந்த சாமானை ஒட்டி, அதையே அச்சாகக் கொடுத்து வார்த்து வாங்குகிறவர்கள் உண்டு. உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும்; சாம்பல் வார்ப்பிரும்பு மீட்டருக்கு ஏறக்குறைய 10 மில்லி, எஃகு அதைப்போல் இரண்டு மடங்கு. முப்பது சென்டிமீட்டர் தாங்கி மூன்று மில்லி குட்டையாக வரும், போல்ட் துளைகளும் அதே அளவு நெருங்கிவரும். அச்சைப் பெரிதாகச் செய்து, கடைசலுக்கும் கொஞ்சம் சேர்த்து வைக்க வேண்டும். அச்சுக்கூலியே சாமான் விலையை மீறும். பத்துப் பேர் சேர்ந்து செய்தால் கட்டும், ஒருவருக்குக் கட்டாது.

தகட்டில் செய்தோம். இரண்டு உடைந்த துண்டையும் சமமான பிளேட்டின் மேல் பொருத்தி, கம்பியால் கட்டி, பிளைவுட்டில் வெட்டுருவம் எடுத்தோம். அச்சின் சாய்வை மட்டும் தனியாக இரண்டு முறை அளந்தோம், ஏனென்றால் அந்தச் சாய்வுதான் பக்கத் தள்ளலைத் தாங்குகிறது. 12 மில்லி பிளேட், கனமான குழாய், இரண்டு பக்கமும் முக்கோண முட்டு. வெல்டிங் இழுப்பில் துளை நகர்ந்துவிடும் என்பதால் குழாயின் உள்துளையைப் பற்றவைத்த பிறகே கடைந்தோம். பார்க்க அழகில்லை. வார்ப்பைவிடப் பலம்.

பக்கத்து வீட்டுக் கொழு

வேலை நடக்கும்போது அண்ணாச்சியின் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாட்டுக் கலப்பையின் கொழுவைக் கொண்டுவந்தார். சிறிய இறக்கைக் கலப்பை; இந்த வகையில் மேலூர்க் கலப்பை, போஸ் கலப்பை என்று தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் நிறைய ஓடின. கொழு மொண்ணையாகிவிட்டது, காய்ச்சி அடித்து நீட்ட வேண்டும் என்றார். எங்கள் ஊர் ஆசாரி அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இது வார்ப்புவே. நெருப்புல போட்டு அடிச்சா மண்ணாங்கட்டி மாதிரி உதிர்ந்துரும்."

கிரைண்டரில் தொட்டுக் காட்டினேன். மங்கலான சிவப்பில் குட்டையான பொறி. எஃகு என்றால் நீளமாக ஓடி வெள்ளையாக வெடிக்கும். ஆசாரி லாரி ஸ்பிரிங் பட்டையில் புதுக் கொழுவே அடித்துக் கொடுத்தார், எண்ணெயில் தோய்த்து, மறுபடி லேசாகச் சுடவைத்து. தண்ணீரில் தோய்த்தால் அந்த எஃகு வெடிக்கும். துளைகளின் தூரம், முனையின் சரிவு இரண்டையும் பழைய கொழுவிலிருந்து எடுத்தார். போல்ட் தலை மண்ணில் உரசாமல் உள்ளே அமிழ வேண்டும் என்பதால் துளையின் வாயை அகட்டி, கழுத்துக்குச் சதுரம் வெட்டினார். அந்தக் கலப்பைக்கும் பெயர் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை.

ஓட்டிப் பார்த்தது

ஹப் நட்டைச் சட்டி கையால் சுற்றும்போது சற்று கனமாக வரும்வரை இறுக்கி, நட்டில் உள்ள வெட்டுக் காடிகளில் ஒன்று அளவு தளர்த்தி, பின் குத்தினோம். அரை ஏக்கர் ஓடியதும் நிறுத்தி மூன்று ஹப்பையும் தொட்டுப் பார்த்தேன். முன்னும் பின்னும் இளஞ்சூடு. நடு ஹப்பில் கை வைத்துத் தாங்க முடியவில்லை, இறுக்கம் கூடுதல். இன்னொரு காடி விட்டதும் மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது. முதல் இரண்டு சாலில் கலப்பை இடப்பக்கம் நகர்ந்தது. தாங்கியில் தப்பு என்று பையன்கள் பதறினார்கள். தேய்ந்த பழைய சட்டிக்குத் தகுந்தபடி தூக்கி வைத்திருந்த சக்கர உயரம்தான் காரணம். சட்டி ஐந்து சென்டிமீட்டர் கீழே வந்தால் சக்கரமும் கீழே வர வேண்டுமல்லவா. சரிசெய்தபின் நேராக ஓடியது. ஆழம் 20 சென்டிமீட்டருக்கு மேல் கிடைத்தது.

அண்ணாச்சி செலவைக் கூட்டிப் பார்த்தார். மூன்று சட்டிதான் பெரிய தொகை, அடுத்தது லேத் கூலி, பேரிங்குகள் அதற்குக் கீழே. எல்லாம் சேர்த்துப் புதுக் கலப்பை விலைக்குக் கிட்டக்கூட வரவில்லை. ஆனால் கடை கடையாக அலைந்த பெட்ரோலும், சேராத பேரிங் செட்டும் இதில் சேர்க்கவில்லை. அந்தச் செட்டைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னும் பாக்கி இருக்கிறது. காயலான் கடையில் எடுத்த ஸ்கிரேப்பர் தகடு புதுச் சட்டியின் குழிவுக்குச் சேரவில்லை. அதைச் சுடவைத்து வளைக்க வேண்டும். கரிசல் துண்டை ஈரத்தில் உழும்போது அது இல்லாமல் முடியாது. சக்கரத்தின் புஷ் அடுத்த கோடைவரை தாங்கும். பேரிங், சீல், போல்ட் எண்களைச் சட்டகத்தின் உள்பக்கம் பெயிண்டில் எழுதிவிட்டோம், நடு ஹப்புக்கு மட்டும் தனியாக: உள்ளே 30209, மூன்று மில்லி வளையத்தோடு, வெளியே எல்எம் 48548.